லண்டன் ஹோட்டலின் நிலத்தடி ஸ்பா: நம் ஊரிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் பிள்ளைகள் லண்டனில் வேலை பார்க்கும் வீடுகளில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் அங்கே பார்க்க வந்தால், பெரிய ஹோட்டல் ஒன்றின் ஸ்பாவுக்கு (மசாஜ், நீராவி அறை, நீச்சல் குளம் எல்லாம் இருக்கும் பகுதி) கிஃப்ட் வவுச்சர் வாங்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது செல்போனில் ஒரு தட்டு. போகிறவர்களுக்குத்தான் என்ன உடுத்துவது, எதைக் கழற்றுவது, பில் எவ்வளவு வரும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் போகலாமா என்று வரிசையாகச் சந்தேகம். எங்களுக்கும் மகன் அப்படித்தான் வாங்கிக் கொடுத்தான். பெருந்துறையிலிருந்து போய், நானும் வீட்டுக்காரரும் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன். யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகத்தான் இது.

லண்டன் நடுவில் இருக்கும் பழைய ஹோட்டல்களுக்குப் பக்கத்தில் விரிக்க இடமில்லை. முகப்பைத் தொடவும் விடமாட்டார்கள். அதனால் பல ஹோட்டல்களில் ஸ்பா நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மேஃபேரில் உள்ள கிளாரிட்ஜஸ் ஹோட்டலில், மேலே விருந்தினர் தங்கிக்கொண்டிருக்கும்போதே, கட்டடத்துக்கு அடியில் ஐந்து அடுக்கு தோண்டி இறக்கினார்கள். 2022-இல் திறந்த ஸ்பா அங்கேதான் இருக்கிறது. தோண்டியதில் பெரும்பகுதி சுரங்கத் தொழிலாளர்களின் கைவேலை. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கே அது கொஞ்சம் மலைப்புத்தான். ஒயிட்ஹாலில் பழைய போர் அலுவலகக் கட்டடத்தில் 2023-இல் திறந்த ராஃபிள்ஸ் ஹோட்டலிலும் அப்படித்தான். 20 மீட்டர் நீச்சல் குளம் தரைக்குக் கீழே இருக்கிறது. நான் சொல்லப்போவது இந்த மாதிரி எந்த ஹோட்டலுக்கும் பொருந்தும்.

1. முதலில் விசா, அப்புறம்தான் ஸ்பா

விசா கைக்கு வரும்முன் ஸ்பாவுக்கோ விமானத்துக்கோ திரும்ப வராத பணம் கட்டாதீர்கள். விசா மறுத்தால் விசாக் கட்டணமும் திரும்ப வராது, இதுவும் வராது.

நமக்கு வேண்டியது ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா. ஆறு மாதம் வரை தங்கலாம். 2025 ஏப்ரலில் கட்டணத்தை 127 பவுண்டாக உயர்த்தினார்கள். அடிக்கடி ஏற்றுகிறார்கள், ஆகவே விண்ணப்பிக்கும் அன்று அரசு இணையதளத்தில் என்ன தொகை காட்டுகிறதோ அதுதான் கணக்கு. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்க விடுவார்கள். கைரேகை கொடுத்த பிறகு சாதாரணமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். அதுவரை பாஸ்போர்ட் அவர்களிடமே இருக்கலாம். இடையில் சிங்கப்பூர், துபாய் என்று வேறு பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கைரேகைக்கு சென்னைக்கோ கொச்சிக்கோ போக வேண்டியிருக்கும். கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்குக் கொச்சி பக்கம். ஈரோட்டுக்காரர்கள் சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்னை. பத்து மணிக்கு முன்னால் நேரம் வாங்காதீர்கள், ரயில் தாமதமானால் பதற வேண்டியிருக்கும். விசா விண்ணப்ப மையத்தில் பிரீமியம் லவுஞ்ச், ஸ்கேன் செய்து தருகிறோம், எஸ்எம்எஸ் அனுப்புகிறோம் என்று ஒவ்வொன்றாக விற்கப் பார்ப்பார்கள். எதுவும் கட்டாயமில்லை. ஆவணங்களை வீட்டிலேயே நீங்களாக ஏற்றிவிட்டுப் போனால் அந்தச் செலவு மிச்சம்.

ஆவணங்களில் நம் பக்கத்துக்கு என்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

தோட்ட வருமானத்தில் இருக்கும் வீடுகள் பல வருமான வரி ரிட்டர்ன் போடுவதில்லை, விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால். அங்கே உட்கார்ந்து கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு இது தெரியாது. மஞ்சள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்ற ரசீது, தேங்காய், கொப்பரை வியாபாரி வங்கியில் போட்ட தொகை, தாசில்தார் அலுவலக வருமானச் சான்று இவற்றைச் சேர்த்து, "எங்கள் வருமானம் இப்படி வருகிறது" என்று ஒரு பக்கக் கடிதம் ஆங்கிலத்தில் வையுங்கள். பட்டா, சிட்டா தமிழில் இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் "இது சரியான மொழிபெயர்ப்பு" என்று எழுதி, பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் போட்டிருக்க வேண்டும். வெறும் தட்டச்சுத்தாள் செல்லாது.

இன்னொன்று சீட்டுப் பணம். பயணச் செலவுக்கென்று சீட்டை எடுத்து மொத்தமாக வங்கியில் போடுவது நம் வழக்கம். கணக்கில் திடீரென்று மூன்று லட்சம் ஏறியிருந்தால், கடன் வாங்கிக் காட்டுகிறார்கள் என்று சந்தேகப்படுவார்கள். சீட்டு பாஸ்புக் நகலையும் சீட்டு நிறுவனத்தின் கடிதத்தையும் கூடவே வையுங்கள். ஆறு மாத வங்கி விவரம், மகன் அல்லது மகளின் அழைப்புக் கடிதம், அவர்களின் சம்பளச் சீட்டு, தங்கும் முகவரி ஆகியவை வழக்கமானவை. ஸ்பா வவுச்சரை விசாக் கோப்பில் வைக்கத் தேவையில்லை.

2. எதற்குப் பணம் என்று எழுத்தில் கேளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. ஸ்பா என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே மூன்று சமாச்சாரம் தனித்தனியாக இருக்கிறது.

ஒன்று, ட்ரீட்மென்ட். மசாஜ், ஃபேஷியல் போன்றவை. அறுபது நிமிட மசாஜுக்கு லண்டன் நடுவில் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் சுமார் 180 பவுண்டில் தொடங்கி 250-ஐத் தாண்டியும் போகும். இரண்டாவது, குளம், நீராவி அறை, சானா என்கிற உலர்ந்த சூட்டு அறை இருக்கும் பகுதி. மூன்றாவது, இரண்டும் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டோடு வரும் ஸ்பா டே என்கிற பொதி.

சிக்கல் எங்கே என்றால், ட்ரீட்மென்ட்டுக்குப் பணம் கட்டினால் குளம் தானாகச் சேர்ந்து வரும் என்று எல்லோரும் நினைப்பது. சில ஹோட்டல்களில் வரும். சிலவற்றில் தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் எடுத்தால்தான் வரும். சிலவற்றில் அங்கேயே அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் மட்டும்தான் குளம். சில இடங்களில் வார நாளில் உண்டு, சனி ஞாயிறில் இல்லை. எங்கள் வவுச்சரின் அட்டையில் குளத்தின் படம்தான் பெரிதாக இருந்தது. மின்னஞ்சலில் கேட்டபோதுதான், வவுச்சரில் குளம் சேராது, தலைக்கு இவ்வளவு தனி என்று பதில் வந்தது.

அதனால் நேரம் குறிக்கும்முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் கேட்டால் அவர்கள் வேகமாகப் பேசுவது நமக்குப் பிடிபடாது. பிறகு காட்டவும் ஒன்றும் இருக்காது. கேட்க வேண்டியவை: இந்தத் தொகையில் குளமும் சானாவும் சேர்த்தியா, எவ்வளவு நேரம், அறுபது நிமிடம் என்பது முழுக்க மசாஜா, உடை மாற்றுவதும் பேசுவதும் அதற்குள்ளேயா, சர்வீஸ் சார்ஜ் தனியா, ரத்து செய்ய எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும், வவுச்சர் எந்தத் தேதி வரை செல்லும். கடைசிக் கேள்வியை முதலில் கேட்டாலும் தப்பில்லை. பிள்ளைகள் வவுச்சரை வாங்கி வைத்துவிடுவார்கள், விசா தாமதமாகும், அதற்குள் காலாவதி ஆகிவிடும். காலாவதிக்கு முன்னால் கேட்டால் பெரும்பாலும் நீட்டித் தருவார்கள். பின்னால் கேட்டால் கஷ்டம்.

ரத்து விஷயத்தில் அங்கே இரக்கம் கிடையாது. 24 மணி நேரமோ 48 மணி நேரமோ, எழுதியிருப்பதுதான் சட்டம். அதற்கு முன்னால் சொல்லவில்லை என்றால் முழுத்தொகையும் போய்விடும். நேரம் குறிக்கும்போதே கார்டு எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

மசாஜ் செய்பவர் ஆணா பெண்ணா என்பதையும் இப்போதே சொல்ல வேண்டும். எதுவும் சொல்லவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் வருவார்கள். பெண் தெரபிஸ்ட் கேட்டால் எளிதில் கிடைக்கும். நம் வீட்டு ஆண்கள் பலருக்குப் பெண் ஒருவர் எண்ணெய் தேய்ப்பது சங்கடம். ஆண் தெரபிஸ்ட்கள் குறைவாகத்தான் இருப்பார்கள், முன்னாலேயே கேட்டால்தான் உண்டு. கணவன் மனைவி ஒரே அறையில் இருக்கிற ஜோடி அறையும் உண்டு. தனியாகப் போகப் பயப்படுகிறவர்களுக்கு அது நல்லது. விலை இரண்டு பேருக்கும் சேர்த்தா, ஒருவருக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. மருத்துவப் படிவம்

முன்பதிவு செய்ததும் ஒரு படிவம் மின்னஞ்சலில் வரும், அல்லது போன அன்று கையில் கொடுப்பார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், அறுவை சிகிச்சை, கர்ப்பம், ஒவ்வாமை என்று நீளமாக இருக்கும். "அதெல்லாம் எதுக்குங்க, இல்லைன்னு போட்டுடலாம்" என்று வீட்டுக்காரர் சொன்னார். அப்படிப் போடாதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் பயணக் காப்பீட்டுக்காரர் முதலில் தேடுவது அந்தக் காகிதத்தைத்தான்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பேஸ்மேக்கர் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு மருத்துவர் கடிதம் கேட்பார்கள். கடிதம் இல்லாமல் போய் நின்றால் ட்ரீட்மென்ட் செய்ய மாட்டார்கள், பணத்தையும் தர மாட்டார்கள். லண்டனில் போய் அந்தக் கடிதம் வாங்குவது நடக்காத காரியம். ஊரில் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் இதய மருத்துவரிடம், அவருடைய லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், நோயின் பெயர், சாப்பிடும் மாத்திரைகள், மசாஜ் செய்யலாமா, சானா, நீராவிக்குப் போகலாமா என்று தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மசாஜுக்குச் சரி என்றும் சூட்டுக்கு வேண்டாம் என்றும் எழுதினால் அதை மதியுங்கள். எங்கள் டாக்டர் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் எழுதினார். அவர் குளத்தின் ஓரம் சாய்வு நாற்காலியில் படுத்துத் தூங்கினார். அவருக்கு அதுதான் பிடித்தது என்பது வேறு விஷயம்.

சர்க்கரை உள்ளவர்கள் ஹாட் ஸ்டோன் மசாஜ், அதாவது சூடான கல்லை வைத்துச் செய்வது, எடுக்க வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவது தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும். சானாவுக்குள் இன்சுலின் பேனாவையோ சர்க்கரை அளக்கும் கருவியையோ கொண்டுபோகாதீர்கள், கெட்டுவிடும். பாதாம், நிலக்கடலை, எள் என எதற்காவது ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். மசாஜ் எண்ணெயில் பாதாம் எண்ணெய் சகஜமாகச் சேர்ப்பார்கள்.

4. உடையும் நகையும்

குளத்துக்கும் சானாவுக்கும் நீச்சல் உடை கட்டாயம். இங்கிலாந்து ஹோட்டல்களில் ஆண், பெண் எல்லோரும் அதை அணிந்துதான் இருப்பார்கள். பிள்ளைகள் ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ இருந்து, அங்கே கூட்டிப்போனால் கதை வேறு: அங்கே பல சானாக்களில் ஒட்டுத்துணி இல்லாமல்தான் உட்கார வேண்டும், ஆணும் பெண்ணும் ஒரே அறையில். பெண்களுக்கு மட்டும் என்று தனி நேரமோ நாளோ உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். கேட்காமல் போனால் கதவைத் திறந்த இடத்திலேயே திரும்ப வேண்டியதுதான்.

சுடிதார், லெக்கிங்ஸ், டீ-ஷர்ட், பனியன், வேட்டி எதுவும் குளத்தில் இறங்க ஆகாது. பருத்தி நூல் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும் என்பார்கள். உலகத்துக்கே பருத்திப் பனியன் தைத்து அனுப்புகிற திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் விதி அப்படி. உடம்பு தெரிய வேண்டாம் என்று நினைக்கும் பெண்களுக்கு முழுக்கை, முழங்கால் வரை இறங்கும் நீச்சல் உடை இருக்கிறது. நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்த துணியாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். கோவையில் பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஹோட்டல் கடையில் விலை கேட்டால் தலை சுற்றும். ஆண்களுக்குச் சாதாரண நீச்சல் அரைக்கால் சட்டை போதும். துண்டு, பாத்ரோப், செருப்பு எல்லாம் அவர்களே தருவார்கள்.

போகும்போது சேலை வேண்டாம். உடை மாற்றும் அறைகள் குறுகல், தரை ஈரம். குளிருக்கு மேலே கோட்டும் இருக்கும். சுடிதார் போட்டுக்கொண்டு போவது சுலபம்.

நகை. இதைப் பற்றித்தான் என்னிடம் எல்லாப் பெண்களும் கேட்கிறார்கள். சானாவுக்குள் சூடு 70 முதல் 90 டிகிரி வரை இருக்கும். தங்கமோ வெள்ளியோ அந்தச் சூட்டில் உடம்பைச் சுடும். மசாஜிலும் கழுத்துச் சங்கிலி இடைஞ்சல், எண்ணெயும் இறங்கும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள், ஊரில் பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் செய்கிற மாதிரி, புறப்படும்முன் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். கயிறு இருக்கட்டும் என்று தெரபிஸ்டிடம் ஒரு வார்த்தை சொன்னால் அதைத் தொடாமல் செய்வார். புதுக்கயிறாக இருந்தால் மஞ்சள் வெள்ளைத் துண்டிலும் குளத்திலும் இறங்கும். சில நாள் முன்னாலேயே கட்டிச் சாயம் போகவிட்டுக் கொண்டுபோங்கள். ஆண்களின் அரைஞாண் கயிறு நூலாக இருந்தால் பிரச்சினை இல்லை. வெள்ளியாக இருந்தால் சூட்டு அறைக்குப் போகும்முன் கழற்றிவிடுவது நல்லது.

லாக்கர் இருக்கும், நான்கு இலக்க எண்ணை நீங்களே போட்டுப் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் பொருள் போனால் பொறுப்பில்லை என்று அங்கேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். மற்ற நகையை மகன் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அன்று காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்க வேண்டாம், முகத்துக்கு மஞ்சளும் வேண்டாம். அன்றைக்கு ஷேவிங், வாக்சிங் செய்தால் எண்ணெயும் நீராவியும் பட்டு எரியும். முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

5. எந்த நாள், எந்த நேரம்

லண்டன் நேரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை நாலரை. அங்கே மாலை நான்கு மணிக்கு நேரம் வாங்கினால் உங்கள் உடம்புக்கு இரவு எட்டரை, ஒன்பதரை. போய்ச் சேர்ந்த இரண்டு மூன்று நாளுக்குள் போவதாக இருந்தால் காலை பத்து, பதினொரு மணிக்கு வாங்குங்கள். முடிந்தால் வார நாள். கூட்டமும் குறைவு, சில ஹோட்டல்களில் விலையும் குறைவு.

பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் பதினாறு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. குளத்துக்கு மட்டும் சில இடங்களில் குழந்தைகளுக்கென்று குறிப்பிட்ட நேரம் வைத்திருப்பார்கள்.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. பட்டினியும் கூடாது, நீராவியில் மயக்கம் வரும். இரண்டு மணி நேரம் முன்னால் இட்லியோ டோஸ்ட்டோ லேசாக.

6. போய்ச் சேர்வது

ஹீத்ரோவிலிருந்தோ மகன் வீட்டிலிருந்தோ வருகிறவர்களுக்கு எலிசபெத் லைன் வசதி. மேஃபேர் ஹோட்டல்களுக்கு பாண்ட் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கலாம். ஒயிட்ஹால் பக்கம் என்றால் சேரிங் கிராஸ் அல்லது எம்பேங்க்மென்ட். டிக்கெட் எடுக்க வேண்டாம், வங்கிக் கார்டையே தட்டிப் போகலாம். ஒருவருக்கு ஒரு கார்டு என்பதை மறக்காதீர்கள். ஒரே கார்டில் இரண்டு பேர் தட்டினால் கதவு திறக்காது.

ஹோட்டல் வாசலில் தொப்பியும் நீளக் கோட்டும் போட்ட ஆள் நிற்பார். அவரைப் பார்த்ததும் தயங்கிப் பின்வாங்க வேண்டாம். "ஸ்பா" என்று ஒரு சொல் சொன்னால் லிஃப்ட் வரை கொண்டுபோய் விடுவார். அவருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னாலாவது இருங்கள். தாமதமாகப் போனால் மசாஜ் நேரத்தில் கழித்துவிடுவார்கள், கட்டணத்தில் கழிக்க மாட்டார்கள். குளமும் உண்டு என்றால் ஒரு மணி நேரம் முன்னால் போய், முதலில் நீராவி, அப்புறம் மசாஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்த பிறகு குளத்தில் இறங்க விடமாட்டார்கள்.

கீழே செல்போன் சிக்னல் பெரும்பாலும் எடுக்காது. முன்பதிவு உறுதி, வவுச்சர் எண், டாக்டர் கடிதம் மூன்றையும் காகிதத்தில் வைத்திருங்கள், அல்லது போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மாடிக்கு எப்போது வருவோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள், இல்லையென்றால் போன் எடுக்கவில்லை என்று பதறுவார்கள். உள்ளே போனை வெளியே எடுக்கவே கூடாது. படம் எடுப்பது சுத்தமாக ஆகாது. ஜன்னல் இல்லாத இடம், வெளிச்சமும் மங்கல். மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் முதலில் வரவேற்பில் சொல்லி ஒரு சுற்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

7. சூட்டு அறைகள்

முதலில் ஷவரில் குளிக்க வேண்டும், அது விதி. நீராவி அறையில் சூடு நாற்பதுக்குச் சற்று மேலேதான், ஆனால் ஈரம் அடர்த்தியாக இருக்கும். சானா உலர்ந்த சூடு. புதிதாகப் போகிறவர்களுக்கு ஐந்து, எட்டு நிமிடம் போதும். பழகியவர்களே பத்துப் பதினைந்தில் வெளியே வந்துவிடுவார்கள். சூடு மேலே ஏறும் என்பதால் கீழ்ப் பலகையில் உட்காருங்கள். பக்கத்தில் இருக்கிறவர் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று போட்டி போட வேண்டாம். தலை லேசாகச் சுற்றினால் உடனே எழுந்து வெளியே வந்து உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். சானாவிலிருந்து நேராகக் குளிர்த்தொட்டியில் குதிப்பதைப் பார்த்து, பிரஷர் உள்ளவர்கள் அதைச் செய்துபார்க்கக் கூடாது. உள்ளே சத்தமாகப் பேசுகிற வழக்கமும் இல்லை. நம் வீட்டில் பேசுகிற அளவுக்குப் பேசினாலே திரும்பிப் பார்ப்பார்கள்.

8. மசாஜ் அறையில்

தெரபிஸ்ட் வந்து படிவத்தைப் பார்த்து, எங்கே வலி, எங்கே தொட வேண்டாம் என்று கேட்பார். அப்புறம் அவர் வெளியே போய்விடுவார். நீங்கள் உடையைக் கழற்றி, படுக்கையில் படுத்து, துண்டைப் போர்த்திக்கொள்ள வேண்டும். எவ்வளவு கழற்றுவது என்பது உங்கள் இஷ்டம். மெல்லிய காகித உள்ளாடை தருவார்கள், உங்கள் உள்ளாடையோடு படுத்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எந்த இடத்தில் தேய்க்கிறார்களோ அந்த இடத்துத் துண்டை மட்டும் விலக்குவார்கள், முடிந்ததும் மூடிவிடுவார்கள். நான் பயந்த அளவுக்கு ஒன்றுமே இல்லை.

அழுத்தம் அதிகமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். "லெஸ் ப்ரெஷர் ப்ளீஸ்" போதும். குளிர்ந்தால், இசை பிடிக்கவில்லை என்றால், தலையில் எண்ணெய் வேண்டாம் என்றால் சொல்லுங்கள். அவர்கள் கேட்காமலே செய்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், சொன்னால் உடனே மாற்றுவார்கள்.

உண்மையைச் சொன்னால், தேய்க்கிற கை நம் ஊர்ப் பக்கம் ஆயுர்வேத மருத்துவமனைகளில் தேய்க்கிற கையை விட மென்மை. முதுகுவலி தீர வேண்டும் என்று போகிறவர்கள் அந்தப் பணத்துக்குக் கோவையிலேயே பல நாள் முறையாகச் சிகிச்சை எடுத்துவிடலாம். அங்கே கிடைப்பது அமைதியும் இடமும் கவனிப்பும்தான். அதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது.

9. பில்

மசாஜ் முடிந்து அரைத்தூக்கத்தில் இருக்கும்போது ஒரு சீட்டில் உங்கள் தோலுக்கு ஏற்றது என்று எண்ணெய், க்ரீம் நாலைந்தை எழுதிக் கொடுப்பார்கள். அது பரிந்துரைதான், வாங்கியே ஆக வேண்டியதில்லை. "தேங்க்யூ, நாட் டுடே" என்று சிரித்துவிட்டு வரலாம். ஏர்போர்ட்டில் வரி திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுற்றுலாப் பயணிகளுக்கு வாட் வரி திருப்பித் தரும் ஏற்பாட்டை லண்டனில் 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். ஓய்வறையில் அவர்களாகக் கொடுக்கும் மூலிகை டீக்குக் காசு இல்லை. மெனு அட்டையைப் பார்த்து நீங்கள் கேட்டு வாங்கும் ஜூஸுக்கு உண்டு.

விலைப்பட்டியலில் இருக்கும் தொகையில் 20 சதவீத வாட் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதற்கு மேல் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று பல இடங்களில் ஏற்றுவார்கள். "டிஸ்கிரிஷனரி" என்று எழுதியிருந்தால் அது கட்டாயமில்லை, பில்லிலிருந்து நீக்கச் சொன்னால் நீக்கிவிடுவார்கள். அதைக் கட்டினால் தனியாக டிப்ஸ் வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மசாஜ் 220 பவுண்டு. சர்வீஸ் சார்ஜ் 27.50. மொத்தம் 247.50, அதாவது 29,700 ரூபாய். நம் ஊர் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்குப் பொதுவாக 3.5 சதவீதம் வரை மார்க்அப் என்று கூடுதல் கட்டணம் போடுவார்கள், அந்த மார்க்அப் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அது ஏறக்குறைய 1,225 ரூபாய். ஆக ஒருவருக்கு 31,000 ரூபாய் கிட்ட. குளத்துக்குத் தனிக் கட்டணம் என்றால் அதுவும் மேலே. வவுச்சர் இருந்தாலும் சர்வீஸ் சார்ஜும் குளமும் நம் கையிலிருந்துதான் போகும்.

கார்டு இயந்திரத்தை நீட்டும்போது, ரூபாயில் கட்டுகிறீர்களா, பவுண்டில் கட்டுகிறீர்களா என்று திரையில் கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் நம் ஊர்ப் பணமாயிற்றே என்று கை அங்கே போகும். பவுண்டைத்தான் அமுக்க வேண்டும். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக் கம்பெனி வைக்கும், அது எப்போதும் நமக்கு நஷ்டமாகத்தான் இருக்கும்.

ஊரை விட்டுப் புறப்படும்முன் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். பல கார்டுகளில் அது மூடியேதான் வரும். ஓடிபி வரும் இந்திய எண்ணுக்கு ரோமிங் இருக்கட்டும். அது இணையத்தில் கட்டும்போதுதான் தேவைப்படும், கார்டு இயந்திரத்தில் கேட்பது பின் எண்தான்.

முன்பதிவின்போது உங்கள் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைத்திருந்தால், பில்லைக் கட்டிய பிறகும் அது சில நாள் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு முறை எடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். பிடித்து வைத்ததா, எடுத்ததா என்று செயலியில் பாருங்கள். ரசீதைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். பத்து நாள் கழிந்தும் விடுவிக்கவில்லை என்றால், ரசீதின் படத்தோடு ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல், அதே நாளில் உங்கள் வங்கிக்கு ஒரு புகார். இரண்டையும் ஒன்றாகச் செய்தால்தான் வேலை நடக்கிறது. ஒன்றை மட்டும் செய்தால் அவர் இவரைக் கை காட்டுவார், இவர் அவரைக் கை காட்டுவார்.